நேப்பியர் பாலத்தில் திரும்பிப் பார்த்தேன்

மெதுவாப் போங்க தாயி, இன்னும் மெதுவா. பின்னால ஆரன் அடிக்கவன் அடிக்கட்டும். அவன் பொண்டாட்டியா தொலைஞ்சு போனா? நீங்க இடது பக்கம் பிளாட்பாரத்தப் பாத்துக்கிட்டே ஆட்டோவ ஓட்டுங்க, வலது பக்கம் நான் பாக்கேன். அம்பது வயசு. ஒத்தநாடி ஒடம்பு. மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி. தலையில கனகாம்பரம் வச்சிருந்தா, இந்நேரம் வாடிப் போயிருக்கும். சேலையா? சேலை பச்சைன்னு நினைக்கேன். இல்ல, பச்சை நேத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுனது. நீலமா... எம்மா, சேலைய விடுங்க, மூக்குத்தியப் பாருங்க.

அங்க பீச்சுல போலீஸ் பூத்துல இருந்த அம்மாவும் இதத்தான் கேட்டாக. என்ன கலரு சேலை? என்ன செருப்பு? ஒரு போட்டோ இருக்கா? இருக்குன்னு போன எடுத்து நீட்டுனேன். காலையில இருந்து நாப்பது போட்டோ எடுத்திருக்கு தாயி. அந்தம்மா தள்ளித் தள்ளிப் பாக்காக. எக்மோர் ஸ்டேஷன் முன்னால நான். சென்ட்ரல் முன்னால நான். ரிப்பன் பில்டிங் முன்னால இடுப்புல கை வச்சுக்கிட்டு நான். 'இதுல ஒங்க வீட்டம்மா எங்கய்யா'ன்னு கேட்டாக. அவ எப்படிம்மா இருப்பா, போட்டோவ எடுத்ததே அவதானன்னேன். அந்தம்மா போன என் கையிலயே குடுத்துட்டாக.

மணி என்ன ஆச்சு? மூணரையா? பன்னெண்டு மணில இருந்து காணோம். மூணரை மணி நேரம். கையில சல்லிக் காசு கிடையாது அவகிட்ட. போனும் கிடையாது. நான்தான் வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன். மெட்ராசுல பிடுங்கிட்டு ஓடிருவானுவன்னு. மருந்து, டிக்கெட்டு, அவ கண்ணாடி எல்லாம் என் பையிலதான் இருக்கு. என் நம்பரு அவளுக்குத் தெரியுமான்னா? தெரியாது. எதுக்குத் தெரியணும், எப்பவும் நான்தான கூப்பிடுவேன்.

என் பேரு கோமதிநாயகம். புளியங்குடி. எலுமிச்சங்கா கமிஷன் மண்டி வச்சிருக்கேன். எங்க ஊரு மார்க்கெட்டுல வந்து கேட்டுப் பாருங்க, ஒரு மூட்டையத் தூக்கிப் பாத்தே எத்தனை பழம் அழுகல்னு சொல்லிருவேன். அப்பேர்ப்பட்ட ஆளு நான். அன்னா அந்த மரத்தடியில... இல்ல. அது வேற யாரோ. போங்க, போங்க.

எனக்குப் பயம் எதுக்குன்னா, அவளுக்குக் கண்ணு சரியில்ல தாயி. அதுக்குத்தான் மெட்ராசுக்கே வந்தோம். ஆறு மாசமா நிலையில இடிச்சுக்கிடுவா, கட்டில் கால்ல இடிச்சுக்கிடுவா, பக்கத்துல இருக்க சொம்பத் தட்டி விடுவா. 'கண்ணு பொடதியிலயா இருக்கு'ன்னு நான் ஏசுவேன். எங்க மக சண்முகவடிவு, கோயமுத்தூர்ல இருக்கா, அவதான் சண்ட போட்டு இங்க பெரிய கண்ணாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வாங்கிக் குடுத்தா. நேத்து ஒரு மிஷின்ல தலைய வச்சு ஒக்கார வச்சாக. அதுக்குள்ள அங்கங்க பொட்டுப் பொட்டா லைட்டு எரியுமாம். தெரிஞ்சா கையில இருக்க பட்டன அமுக்கணும். நான் கதவோரமா நிக்கேன். இவ எப்பவோ ஒருக்கா அமுக்குதா, அப்புறம் சும்மா ஒக்காந்திருக்கா. எனக்குன்னா கோவம். 'நர்சம்மா, அவளுக்கு அமுக்கத் தெரியல, இன்னொருக்கா வைங்க'ன்னு சத்தம் போட்டேன். பாவம், இன்னொருக்கா வச்சாக. அதே கதைதான். கடைசில ஒரு தாளு குடுத்தாக. ரெண்டு வட்டம். சுத்திச் சுத்திக் கருப்பு. நடுவுல ஒரு எலுமிச்சங்கா அளவு வெள்ளை. அம்புட்டுத்தான் அவளுக்குத் தெரியுதாம். நேரா இருக்கது தெரியும், ஓரத்துல வாரது ஒண்ணும் தெரியாதாம்.

ஓரத்துல வாரது தெரியாதுன்னா, பஸ்சு வந்தாத் தெரியாது. லாரி வந்தாத் தெரியாது. உங்க ஆட்டோ வந்தாலும் தெரியாது தாயி.

அந்த டாக்டரம்மா சின்ன வயசு. 'போனது திரும்ப வராது அய்யா'ன்னாக. அதுக்கு மேல மருந்து விடாம ஊத்துனா மிச்சத்தக் காப்பாத்தலாம், வருசக்கணக்கா இப்படியே வச்சுக்கிடலாம்னு என்னமோ சொல்லிக்கிட்டே போறாக. எனக்கு 'வராது'ங்கதுக்கு மேல ஒண்ணும் காதுல ஏறல. கூட்டத்துல கூடவே கூட்டிட்டுப் போங்கன்னும் சொன்னாக. கூடத்தான போனேன்? பத்தடி முன்னால போறது கூடப் போறது இல்லையா?

எங்களுக்குக் கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருசம். அதுக்கு முந்தி நான் மூணு வருசம் இங்க பாரீஸ் கார்னர்ல ஒரு கயித்துக் கடையில வேல பாத்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா நடந்தே ஊர் சுத்துவேன். இந்த மெட்ராசு என் கால் படாத எடமே கிடையாது, அந்தக் காலத்துல. பொண்ணு பாக்கப் போனப்பவே அளந்து விட்டுட்டேன், கல்யாணம் முடிஞ்ச கையோட ஒனக்கு மெட்ராசக் காட்டுதேன்னு. அவளும் நம்பிட்டா. அந்த வருசம் மண்டியில சீசன். அடுத்த வருசம் பிள்ளை. அதுக்கடுத்து அப்பாக்கு ஒடம்பு சரியில்ல. இப்படியே போயிட்டு. அவ ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டிருந்தா நாலு ஏச்சு ஏசிட்டு மறந்திருப்பேன். கேக்காததுனாலதான் நெஞ்சுல கெடந்து உறுத்துது.

நேத்து லாட்ஜுல அவ தூங்கிட்டா. எனக்குத் தூக்கம் வரல. கண்ணு போறதுக்கு முந்தி எல்லாத்தையும் காட்டிரணும்னு வெறி பிடிச்ச மாதிரி ஆயிட்டு. இன்னிக்குச் சாயங்காலம் ரயிலு, நாளைக்கு மண்டிக்கு லாரி வருது. அப்ப இருக்கது ஒரே நாளு. லாட்ஜு ரசீதுக்குப் பின்னால எழுதுனேன். பதினாலு எடம். எக்மோர் ஸ்டேஷன் ஆறு மணி, மியூசியம் ஆறு நாப்பது, சென்ட்ரல் ஏழரை, ரிப்பன் பில்டிங், கந்தகோட்டம், ஐகோர்ட்டு, கோட்டை, பீச்சு, லைட் ஹவுஸ், சாந்தோம், கடைசில கபாலி கோயில் நாலு மணிக்கு நடை தொறக்கப்ப. எல்லாம் நடந்தேதான். பஸ்சுல போனா சன்னல்ல எல்லாம் ஓடிருமே. நடந்தாத்தான் ஒவ்வொண்ணா நின்னு பாக்கலாம்.

காலையில எழுப்புனப்ப, 'எதுக்குங்க, மருந்த ஊத்திக்கிட்டுச் செத்த படுத்திருப்போமே'ன்னா. கோட்டிக்காரி, ஒனக்காகத்தான் இத்தனையும், எந்திரின்னேன்.

என்ன தாயி? மியூசியம் காலையில தொறந்திருக்காதா? தொறக்கலைதான். உள்ள போனா அரை நாளு போயிரும்லா. கம்பிக் கேட்டு வழியா அந்தச் செவப்புச் சுவரக் காட்டுனேன். இதுதான் மியூசியம், பாத்துக்கோன்னேன். தலைய ஆட்டுனா. ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். கிளம்பியாச்சு.

நல்லாத்தான் வந்தா. குறை சொல்லக் கூடாது. சென்ட்ரல் பக்கத்துல 'நில்லுங்க'ன்னா. என்னன்னேன். ஒண்ணுமில்ல, நடங்கன்னா. ரிப்பன் பில்டிங்ல திரும்பவும் 'கொஞ்சம் நில்லுங்களேன்'ன்னா. ஏளா, இப்படி நின்னு நின்னு போனா எப்ப பீச்சுக்குப் போறதுன்னு கேட்டேன். தண்ணி தவிக்கு போலன்னு நினைச்சு ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்தேன். குடிக்கல. குடிச்சா ஒதுங்க எடம் தேடணுமேங்குதா. அதுவும் சரிதான்னு நானே குடிச்சுட்டேன்.

கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு கேக்கீக. எங்க பக்கம் ஆம்பள முன்னால போவான், பொம்பள பின்னால வருவா. கல்யாண வீட்டுக்குப் போனாலும் துட்டி வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். எங்க அப்பா அப்படித்தான் போனாக, நானும் அப்படித்தான் போறேன். ரோட்டுல கையக் கோத்துக்கிட்டுப் போனா நாலு பேரு சிரிக்க மாட்டானா?

ஆமா. இங்க எவனுக்கும் என்னைத் தெரியாதுதான். அது எனக்குத் தோணவே இல்ல தாயி.

இன்னா, பாலம் வந்துட்டு. இங்கதான். செத்த ஓரமா நிறுத்துங்க. அன்னா அந்த ரெண்டாவது வளைவுக்குக் கீழதான் நின்னேன். ஐகோர்ட்டு வாசல்ல ஒரு போட்டோ எடுத்தா. பதினொன்னு அம்பத்தெட்டுன்னு போன்ல இருக்கு. அதுதான் கடைசி. அப்ப அவ இருந்தா. போட்டோ கொஞ்சம் சரிஞ்சு விழுந்திருக்குன்னு வஞ்சேன், அதனால நல்லா ஞாபகம் இருக்கு. போன வாங்கிப் பையில போட்டுட்டு நடந்தேன். நேரம் வேற ஆயிட்டு, கோட்டையில நிக்கல, போர் நினைவுச் சின்னத்துலயும் நிக்கல. நடந்துகிட்டே சொல்லிக்கிட்டு வாரேன். இதுதாம்ளா கோட்டை, வெள்ளைக்காரன் கட்டுனது. இந்தா பாரு, இது செத்துப்போன பட்டாளத்துக்காரவுகளுக்குக் கட்டுனது. நான் கயித்துக் கடையில இருக்கப்ப இந்தப் புல்லுலதான் படுத்துக் கிடப்பேன். அப்பம் ஒன்னைய எனக்குத் தெரியாது. இப்படி என்னென்னமோ. முப்பத்தோரு வருசத்துல நான் அவகிட்ட இவ்வளவு பேசுனதே கிடையாது தாயி. சத்தமா வேற பேசுனேன். எதிர்ல வாரவன் எல்லாம் என்னைய ஒரு மாதிரிப் பாக்கான். நான் கண்டுக்கிடல.

பதில் வரல. கோவம்னு நினைச்சேன். போட்டோவுக்கு வஞ்சேன்லா. அவளுக்குக் கோவம் வந்தா பேச்ச நிறுத்திருவா. ஒருக்கா பதினோரு நாளு பேசல. பன்னெண்டாவது நாளுதான் எனக்கே தெரிஞ்சுது.

இந்தப் பாலத்துக்கு வந்ததும், சரி, இங்கன ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம்னு போன எடுத்து, பின்னால திரும்பி நீட்டுனேன். 'இந்தா பிடி, இந்த வளைவு முழுசும் விழணும்'ன்னேன். எனக்கு நேரா ஒரு ஐஸ் வண்டிக்காரன் நிக்கான். நம்மகிட்டத்தான் குடுக்காகன்னு கைய நீட்டுதான்.

மொதல்ல சிரிச்சேன் தாயி. நிசமாச் சிரிச்சேன். வெயிலுக்கு எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பா, வந்துருவான்னு நிக்கேன். ரெண்டு நிமிசம். அஞ்சு நிமிசம். வந்த ரோட்டப் பாத்தா அவ்வளவு நீளத்துக்கு ஒரு ஆளு இல்ல. காரும் பஸ்சுமாப் போகுது. அப்பத்தான் சிரிப்பு நின்னுது.

'ஏளா'ன்னு கத்துனேன். 'ஏ இந்தா'ன்னு கத்துனேன். காருல போறவன் எல்லாம் திரும்பிப் பாக்கான், அவளக் காணோம். நான் அவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல பாத்துக்கிடுங்க. வீட்டுல எங்க அம்மா இருந்தாக, அப்புறம் பிள்ளைக இருந்துச்சு, எப்படிப் பேரு சொல்லிக் கூப்பிட? அப்படியே பழகிட்டு. நடுப் பாலத்துல நின்னு, உலகம்மான்னு ஒருக்காக் கூப்பிட்டுப் பாத்தேன். சத்தமே வரல. யாரையோ கூப்பிடுத மாதிரி இருக்கு. பிறகு அடிவயித்துல இருந்து கத்துனேன். உலகம்மா, ஏ உலகம்மான்னு. அந்த ஐஸ் வண்டிக்காரன் பாவம், அவனும் சேந்து கத்துனான்.

வண்டிய எடுங்க தாயி, போயிக்கிட்டே சொல்லுதேன். ஓட்டமா ஓடுனேன் வந்த வழியே. இந்த வயசுல. இந்தக் கோட்டைக்கு முன்னால, இன்னா, இங்கதான், ஒரு கூட்டம். நடுவுல யாரோ விழுந்து கெடக்கான்னு தெரியுது. ஒரு பைக்கு சரிஞ்சு கெடக்கு. என் காலு அங்கனயே நின்னுட்டு. பத்தடி தூரம் போக எவ்வளவு நேரம் ஆச்சுங்கீக? கூட்டத்த விலக்கிட்டுப் பாக்கேன், யாரோ காலேஜுல படிக்கவன், முழங்காலு கிழிஞ்சு ரத்தமா ஒக்காந்திருக்கான். எனக்கு வந்த சந்தோசத்த எப்படிச் சொல்ல? அடுத்தவன் பெத்த பிள்ளைக்கு அடிபட்டுக் கெடக்கு, நான் கையெடுத்துச் சாமி கும்பிடுதேன். பாவி, நான் பாவி தாயி.

ஐகோர்ட்டு வாசல்ல இருந்தவுக யாருக்கும் தெரியல. எத்தனையோ பொம்பளைங்க போறாங்க வர்றாங்க, எதுன்னு பாக்கன்னு கேக்கான் வாசல்ல நிக்கவன். ஒருவேளை எனக்கு முன்னாலயே பீச்சுக்குப் போயிட்டாளோன்னு திரும்ப அவ்வளவு தூரமும் நடந்தேன். அந்தப் போலீஸ் அம்மா மைக்ல சொன்னாக. புளியங்குடி உலகம்மாள், உங்கள் கணவர் கோமதிநாயகம் காத்திருக்கிறார்னு. நாலு தடவ சொன்னாக. கடலுக்கு முன்னால எங்க ரெண்டு பேரு பேரும் சேந்து கேக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. யாரு கிட்டயும் போயி உதவி கேப்பாளான்னா, கேக்க மாட்டா. கேட்டாலும் புருசன் பேரு என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டா. அவ வாயால எம் பேர இந்த நாள் வரைக்கும் சொன்னதில்ல. ரேசன் கடையிலயே பக்கத்துல நிக்கவளச் சொல்லச் சொல்லுவா.

பாருங்க, மறுபடியும் அடிக்கு. அவ போனுதான். மக கூப்பிடுதா. ஆறு தடவ ஆச்சு. நான் எடுக்கல. எடுத்தா 'அம்மாட்டக் குடுங்க'ம்பா. எம் மக எங்கிட்ட வேற என்ன பேசுவா? அம்மாட்டக் குடுங்கம்பா. நான் யாரக் குடுக்க? எந்த முகத்த வச்சுக்கிட்டு, ஒங்க அம்மாவப் பாரீஸ் பக்கத்துல எங்கயோ விட்டுட்டேன் தாயேன்னு சொல்லுவேன்? நான் கூட்டிட்டு வரலைன்னா மகளே வந்து கூட்டிட்டு வந்திருப்பா தாயி. லீவு கிடைக்கலைன்னு சொன்னா. 'நான் இருக்கேன்லா, எனக்குத் தெரியாத மெட்ராசா'ன்னு நான்தான் சவடால் அடிச்சேன்.

ஐகோர்ட்டு வந்துட்டா? சுத்தி ஒருக்காப் போங்க. அந்த பஸ் ஸ்டாப்புல பாருங்க. அந்தப் பழக்கடைக்குப் பின்னால பாருங்க. இல்லையா? எம்மா, அவ இல்லாம நான் எப்படி அந்த ரயிலு ஏறுவேன். வீட்டுச் சாவி எங்க வைப்பான்னு கூட எனக்குத் தெரியாது. மருந்து ஊத்துற நேரம் ரெண்டு மணி, அதுவும் போச்சு. பையிலயே கெடக்கு பாருங்க, இன்னா, இந்தச் சின்னக் குப்பி.

என்ன கேட்டீக? ஊர்ல தொலைஞ்சா எங்க போயி நிப்பான்னா? ஊர்ல எங்க தொலைய, ரெண்டு தெரு. ஆனா சங்கரன்கோயில் ஆடித்தபசுக்குப் போவோம் வருசா வருசம். அங்கன கூட்டம்னா கூட்டம், எள்ளு போட எடம் இருக்காது. அங்க மட்டும் ஒரு கணக்கு உண்டு. எங்க பக்கத்துல எல்லா வீட்டுலயும் உண்டு. கோயிலுக்குள்ள போறதுக்கு முந்தி செருப்ப ஒரு எடத்துல விடுவோம்லா, யாரு தவறிப் போனாலும் அந்தச் செருப்பு விட்ட எடத்துல வந்து நிக்கணும். அங்க இங்க தேடி அலையக் கூடாது. சின்னப் பிள்ளைல இருந்து சொல்லிச் சொல்லி...

தாயி.

தாயி, வண்டியத் திருப்புங்க. செருப்ப விட்டோம். இன்னிக்குச் செருப்ப விட்டோம்லா! கந்தகோட்டத்து முருகன் கோயில்ல. பூக்கடைக்காரி ஒருத்தி கிட்ட விட்டுட்டுத்தான் உள்ள போனோம். அட மூதி, அட கூறுகெட்ட மூதி, உங்களை இல்ல தாயி, என்னையச் சொல்லுதேன். மூணரை மணி நேரமா கடலுக்கும் கோட்டைக்கும் நடக்கேன், இது தோணலையே. இங்க இருந்து கூப்பிடு தூரம். ஆனா ரோட்டத் தாண்டணுமே. இந்த ரோட்ட அவ எப்படித் தனியாத் தாண்டியிருப்பா? போங்க, சீக்கிரம் போங்க, பிளாட்பாரம் பாக்க வேண்டாம்.

உள்ள வண்டி போகாதா? சரி, இங்கனயே நிறுத்துங்க. நீங்களும் வாங்க. எனக்குத் தனியாப் போகக் காலு வரல. அங்க இல்லைன்னா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாது. வாங்க தாயி, புண்ணியமாப் போகும்.

இந்தச் சந்துதான். பாத்திரக் கடை, ஆமா, இதத் தாண்டித்தான் வந்தோம். அன்னா பூக்கூடை தெரியுது.

இருக்கா.

இருக்கா தாயி. அன்னா அந்தச் செருப்புகளுக்கு நடுவுல தரையில ஒக்காந்திருக்கா பாருங்க. மாம்பழக் கலரு சேலை. பச்சையும் இல்ல, நீலமும் இல்ல. எய்யா முருகா. நேரா அந்தத் தெருமுனையவே பாத்துக்கிட்டு இருக்கா, நாங்க காலையில வந்த பக்கம். நான் இன்னா நிக்கேன், ஏழெட்டு அடி கூட இல்ல, பக்கவாட்டுல நிக்கேன். கைய ஆட்டுதேன், பாருங்க. திரும்பல. தெரியல தாயி அவளுக்கு. இவ்வளவு பக்கத்துல நிக்கேன், தெரியல. அந்தத் தாளுல கருப்பா இருந்துச்சே, அதுக்குள்ளதான் இப்ப நான் நிக்கேன் போல.

உலகம்மா. ஏ உலகம்மா. இங்கன, இங்கன பாரு.

எந்திரிக்காத, எந்திரிக்காத, காலு மரத்துப் போயிருக்கும். இந்தா தண்ணி. குடி. முழுசும் குடி, ஒதுங்க எடம் நான் பாத்துத் தாரேன். அழுவாத. நான் எங்க அழுதேன், வேர்வை. ஏளா, ஒனக்கு அறிவு இருக்கா, ஒரு சத்தம் குடுக்க மாட்டியா, நான் பாட்டுக்குப் போறேன், 'ஏங்க'ன்னு ஒரு சத்தம்... குடுத்தியா? எங்க, ஐகோர்ட்டு வாசல்லயா? எனக்குக் கேக்கலையே.

இந்தப் பூக்கடைக்காரம்மா வேற என்னையப் பிடிச்சுக்கிட்டு ஏசுதாக பாருங்க தாயி. 'இன்னா பெரியவரே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மத்தியானத்துலேந்து இந்தம்மா இங்கியே குந்திக்கினு கீது. சாப்புடுன்னா சாப்புடல. போன் நம்பர் குடுன்னா தெரியாதுன்னுது. ஊட்டுக்காரர் பேரு இன்னான்னா சிரிக்குது'ன்னு. ஏசட்டும். எவ்வளவு வேணும்னாலும் ஏசட்டும். அம்மா, நீங்க நல்லா இருப்பீக.

ரோட்ட எப்படிளா தாண்டுன? ஒரு பர்தா போட்ட பிள்ள கையப் பிடிச்சுத் தாண்டி விட்டுச்சா? நீ கேட்டியா? வாயத் தொறந்து கேட்டியா? சரி, சரி.

ஏறு. தலை, தலை இடிச்சுக்கிடாத. தாயி, இவ ஏறிட்டா. இவதான் எங்க வீட்டுல. ஏளா, இவுக இல்லைன்னா இன்னிக்கு நான் கடல்லதான் கெடந்திருப்பேன். கும்பிடு போடு.

மணி நாலரைதான ஆகுது தாயி? இப்ப என்ன, ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு. பொழுதும் வெளிச்சமா இருக்கு. ஆட்டோ வேற இருக்கு, நடக்க வேண்டாம். லைட் ஹவுஸ் ஒண்ணையாவது வெளிய இருந்து காட்டிட்டுப் போயிருவோமா? பாதிதான பாத்திருக்கா. சரி, அவகிட்டயே கேப்போம். ஏளா, காலையில இருந்து எம்புட்டு பாத்தோம், ஸ்டேஷனு, ரிப்பன் பில்டிங்கு, கோயிலு. ஒனக்கு எது பிடிச்சுச்சு? வெக்கப்படாமச் சொல்லு. முப்பத்தோரு வருசம் கழிச்சு மெட்ராசக் காட்டியிருக்கேன், இவுககிட்ட ஒண்ணாச்சும் சொல்லு.

என்ன? சத்தமாச் சொல்லு, வண்டிச் சத்தத்துல கேக்கல.

ஒண்ணையும் பாக்கலையா?

கேட்டீகளா தாயி, ஒண்ணையும் பாக்கலையாம். 'ஒங்க முதுகத்தான் பாத்தேன்'ங்கா. 'காலையில ரூம விட்டு எறங்குனதுல இருந்து ஒங்க சட்டையையே பாத்துக்கிட்டு வந்தேன். கொஞ்சம் கண்ண எடுத்தா நீங்க காணாமப் போயிருவீக, மறுபடி கூட்டத்துல எந்தச் சட்டைன்னு தேடணும். அதான் நில்லுங்க நில்லுங்கன்னேன்'ங்கா. 'இடது தோள்ல தையல் விட்டிருக்கு, ஊருக்குப் போனதும் தச்சுத் தாரேன்'ங்கா.

அப்ப ஐகோர்ட்டுல என்ன ஆச்சு? அங்க மட்டும் எப்படி விட்ட?

தாயி, இவ சொல்லுதது உங்களுக்குக் கேக்குதா? 'நீங்கதான் நிமிந்து பாரு, நிமிந்து பாருன்னீக. அவ்வளவு ஆசையாச் சொல்லுதீகளேன்னு அந்தச் செவப்புக் கோபுரத்த ஒரே ஒருக்கா நிமிந்து பாத்தேன். ரொம்ப அழகா இருந்துச்சு. குனிஞ்சா நீங்க இல்ல'ங்கா.

லாட்ஜுக்கே விடுங்க தாயி. காலையில இருந்து நானேதான் பேசுதேன். நீங்க ஏதாச்சும் பேசிக்கிட்டு வாங்க, அவகிட்ட.